ராயபுரத்துக்குப் போகவேண்டிய மணல்

மெரினாவுல விவேகானந்தர் இல்லம் இருக்கே, பழைய ஐஸ் ஹவுஸ், அதை வெறும் கட்டடமா பார்க்காம ஒரு அளவுகோலா பாருங்க. 1842-ல் கட்டினது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைஞ்ச பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் நாலு மாசம் கொண்டு வந்து மெட்ராஸ் துரைமார்களுக்கு விற்ற ட்யூடர் கம்பெனியோட கிடங்கு அது. கரைக்கு வந்ததும் உருகிப் போற சரக்கு. அதை வைக்கிற கிடங்கை எங்கே கட்டுவான்? கடலை ஒட்டித்தான் கட்டுவான். இன்னைக்கு அந்த வாசலில் நின்னா முன்னாடி அகலமான ரோடு, அப்புறம் சர்வீஸ் ரோடு, அப்புறம் சில நூறு மீட்டர் மணல், பஜ்ஜிக் கடை, குதிரை, பலூன் சுடுறவர்... அதையெல்லாம் தாண்டித்தான் தண்ணி.

கட்டடம் நகரலை. அப்போ நகர்ந்தது கடல்தான். ஏன் நகர்ந்ததுங்கறதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

ஜோலார்பேட்டைக்காரனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்னு கேட்கறீங்களா? நியாயமான கேள்வி :-) எங்க ஊரிலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கு மேல. ஆனா இந்தக் கதையில எங்க பக்கத்து ஆறு ஒண்ணும் வருது, எங்க பக்கத்துத் தோலும் வருது. கொஞ்சம் பொறுங்க.

முதல்ல மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாதுங்கறதை ஞாபகம் வச்சுக்கணும். 1639-ல் கம்பெனிக்காரன் ஏன் இந்த இடத்தைப் பிடிச்சான்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னிக்கும் மண்டையை உடைச்சிக்கறாங்க. மறைவே இல்லாத திறந்த கரை. கப்பல் எல்லாம் தள்ளி ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. ஆணியே அடிக்காத படகு அது. பலகையையும் பலகையையும் தேங்காய் நார்க் கயிற்றால தைச்சிருப்பாங்க. ஆணி அடிச்ச வெள்ளைக்காரப் படகு அலை உடையற இடத்துல தரையில மோதினா பிளந்துடும். இது வளைஞ்சு கொடுக்கும். அலையோட முதுகுல ஏறி, சரியான நொடியில துடுப்புப் போட்டு, அடுத்த அலை வந்து அமுக்கறதுக்குள்ள கரையில ஏத்திடுவாங்க. கவர்னரா இருந்தாலும் நனையாம மெட்ராஸ்ல இறங்கினது அபூர்வம். நடு அலையில படகை நிறுத்தி கூடக் காசு கேட்டாங்கன்னு துரைமார்கள் புலம்பி இருக்காங்க. (நான் படகுக்காரர் பக்கம்தான். உயிரைக் கையில பிடிச்சிட்டு வர்றவனுக்கு நாலணா சேர்த்துக் குடுத்தா என்னவாம்?)

இந்தப் படகுக்காரர்கள் வாழ்ந்த இடம்தான் ராயபுரம். ராயப்பர்னா பீட்டர். அவர் பேரில்தான் ஊரே. அங்கே இருக்கற புனித ராயப்பர் ஆலயம் 1829-ல் படகுக்கார சமூகம் தங்கள் காசில் கட்டினது. இந்தப் பெயரை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வரும்.

சரி, இப்போ அலைக்கு வருவோம்.

நடுக்கடல்ல அலை தண்ணியைத் தூக்கித் தூக்கி வைக்குமே தவிர, பெரிசா எங்கேயும் கொண்டு போறதில்லை. கரைக்கு வர வர ஆழம் குறையுது. அலையோட அடி தரையில உரச ஆரம்பிக்கும். அடி மெதுவாகும், தலை வேகமா வரும். ஆழம் கிட்டத்தட்ட அலையோட உயரத்துக்கு வந்ததும் தலை குப்புறக் கவிழும். அதுதான் அலை உடையறது. அப்படிக் கவிழும்போது அது சுமந்துட்டு வந்த சக்தி எல்லாம் அந்த இடத்துலயே கொட்டுது. தரையில கிடக்கற மணல் கலங்கி எழும்புது. தெளிஞ்ச தண்ணி காபி மாதிரி ஆகுதில்ல, அந்தப் பட்டைதான் மணல் கிளம்பற ஸ்டேஷன்.

அலை கரைக்கு நேர் எதிரா வந்தா பிரச்சினை இல்லை. மேல போன மணல் கீழ வரும். ஆனா பெரும்பாலான நாள் அது சாய்வாத்தான் வரும். சாய்வா ஏறுற தண்ணி மணலைச் சாய்வா மேல தள்ளுது. இறங்கும்போது சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நேரா இறங்குது. அடுத்த அலை மறுபடி சாய்வா. ரம்பத்தோட பல் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு மணல்துகள் கரையோரமாவே நடந்து போயிட்டு இருக்கும். இது போதாதுன்னு, அலை உடையற கோட்டுக்கும் கரைக்கும் நடுவுல கரையை ஒட்டியே ஒரு நீரோட்டம் வேற உண்டாகும். கலங்கி எழுந்த மணலை அது அப்படியே இழுத்துட்டுப் போகும். மெரினாவுல குளிக்க இறங்கினவங்க கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா செருப்பு விட்ட இடம் தள்ளிப் போயிருக்கும். செருப்பு போகலை, நீங்கதான் போயிருக்கீங்க.

சோழமண்டலக் கரையில இந்த நடை வருஷத்துல பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தையும் சேர்த்து, வடக்கு நோக்கி. வாடைக்காற்று வீசற ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாசங்கள்ல தெற்கு நோக்கி. ரெண்டையும் கழிச்சா மிச்சம் வடக்குதான். எவ்வளவுன்னா வருஷத்துக்குச் சில லட்சம் கன மீட்டர். யாரும் டெண்டர் விடாம, லாரி இல்லாம, இந்தக் கரை முழுக்க ஒரு மணல் ஆறு ராத்திரி பகலா வடக்கே போயிட்டே இருக்கு.

அந்த மணல் எங்கேருந்து வருது? ஆறுகள்லேருந்துதான். இங்கேதான் எங்க பாலாறு. கர்நாடகத்துல நந்தி மலைப்பக்கம் பிறந்து, ஆந்திராவைக் கொஞ்ச தூரம் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்னு வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் கிட்ட கடல்ல கலக்குது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதுல தமிழ்நாட்டுல 222. முகத்துவாரம் சென்னைக்குத் தெற்கே இருக்கு. மணல் நடக்கறது வடக்கே. நீங்களே கூட்டிப் பாருங்க. மெரினாவுல சுண்டல் சாப்பிடும்போது பல்லுல கடிபடற மணல்ல ஒண்ணு ரெண்டு எங்க வாணியம்பாடியைத் தாண்டி வந்ததா இருக்கலாம்.

பாலாறு எப்பவும் காய்ஞ்சுதானே கிடக்குன்னு சொல்றவங்களுக்கு: மணலைத் தூக்கிட்டுப் போறது தினசரி ஓட்டம் இல்லை, வெள்ளம். 1903 நவம்பர்ல மேல ஏரிகள் உடைஞ்சு வந்த வெள்ளம் வாணியம்பாடியையே அடிச்சிட்டுப் போச்சு. 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடினதை எங்க பக்கத்து ஜனம் பாலத்துல கும்பலா நின்னு செல்போன்ல படம் எடுத்தது. அப்படி வர்ற வெள்ளத்துலதான் கடலுக்குப் பங்கு போகும். நடுவுல எத்தனை வருஷமா ஆத்து மணலை லாரி லாரியா அள்ளினாங்கன்னு எங்க ஊர்ல சின்னப் பசங்களைக் கேட்டாக்கூட சொல்வாங்க. கடலுக்குப் போகவேண்டிய மணல் இப்போ மாடி வீடா நிக்குது. அது தனிக் கதை.

திரும்ப மெட்ராஸ். 1856-ல் ராயபுரத்துல முதல் ரயில் கிளம்புது, வாலாஜா ரோடு வரைக்கும். சில வருஷத்துல தண்டவாளம் எங்க ஊரைத் தாண்டுது, 1864-ல் எங்க ஊர்லேருந்து பெங்களூருக்குக் கிளையும் பிரியுது. உள்நாட்டுச் சரக்கெல்லாம் ரயிலேறி வேகமா மெட்ராஸ் வந்து சேருது. அதுல எங்க பக்கத்துத் தோலும் உண்டு, பதனிட்ட தோல் மெட்ராஸ் ராஜதானியோட முக்கிய ஏற்றுமதிகள்ல ஒண்ணு. ரயில்ல வந்ததைக் கடைசி ஒரு மைலுக்கு மறுபடி மசூலா படகுல ஏத்தணும்! வியாபாரிகளுக்குப் பொறுக்குமா? 1861-ல் இரும்புத் தூண்கள்ல ஒரு பாலத்தைக் கடலுக்குள்ள நீட்டினாங்க. தூண்களுக்கு நடுவுல தண்ணியும் மணலும் சுதந்திரமா போச்சு, அதனால கரைக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை. ஆனா புயல் அதை 1868, 1872-ன்னு ரெண்டு தடவை உடைச்சது.

அப்புறம்தான் நிஜமான துறைமுகம். திட்டம் போட்டவர் வில்லியம் பார்க்ஸ்னு ஒரு எஞ்சினியர், கராச்சி துறைமுக வேலையில ஆலோசகரா இருந்தவர். பழைய இரும்புப் பாலத்துக்கு வடக்கே 500 கஜம், தெற்கே 500 கஜம் தள்ளி ரெண்டு கல் சுவர், கடலுக்குள்ள 1200 கஜம் வரைக்கும் நீட்டி, முனையில உள்பக்கமா மடக்கி, கிழக்கே பார்த்த மாதிரி ஒரு வாசல். ரெண்டு கையையும் நீட்டிக் கட்டிப் பிடிக்க வர்ற மாதிரி ஒரு அமைப்பு. 1875 டிசம்பர்ல இங்கிலாந்து இளவரசர் வந்தப்போ அடிக்கல். 1876-ல் வேலை ஆரம்பம். 1881-ல் முடியப்போற நேரத்துல நவம்பர் புயல் வந்து சுவரில பெரும்பகுதியைக் கடலுக்குள்ள தள்ளிடுச்சு. கான்கிரீட் கட்டிகளும் பாரந்தூக்கிகளும் எல்லாம் காலி. மறுபடி ஆரம்பிச்சு முடிக்க 1890-கள் ஆச்சு.

புயலைப் பத்தி எல்லாரும் எழுதி இருக்காங்க. எனக்கு முக்கியமாப் படறது சத்தமே இல்லாம நடந்த இன்னொண்ணு. தெற்குச் சுவர்ல முதல் கல்லு விழுந்த நாள்லேருந்தே அந்த மணல் ஆறு முட்டிக்கிச்சு. நடந்து வந்த மணலுக்கு வழி இல்லை. அங்கேயே உட்கார்ந்தது. அதுக்குப் பின்னாடி வந்தது அதுக்குப் பின்னாடி உட்கார்ந்தது. வருஷா வருஷம் கரை கிழக்கே வளர்ந்தது.

1881 நவம்பர், அதாவது புயல் அடிச்ச அதே மாசம், கவர்னரா வந்தவர் கிராண்ட் டஃப். அந்தக் கடற்கரையில நடைபாதை போட்டு, இத்தாலியில (சிசிலித் தீவு) பலெர்மோ ஊரை நினைச்சுக்கிட்டு 1884-ல் மெரினான்னு பேர் வச்சார். அதுக்கு முன்னாடி அங்கே இருந்தது குறுகலான சேத்துக் கரை, அலை ரோட்டுப் பக்கம் வரைக்கும் வந்துட்டுப் போகும். கவர்னர் பேர் வச்சார், பெருமை அவருக்குப் போச்சு. மணல் போட்டது பார்க்ஸோட சுவர்! நம்ம தலைவர்கள் சமாதிகள், உழைப்பாளர் சிலை, காணும் பொங்கல் கூட்டம், 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டக் கூட்டம் எல்லாத்துக்கும் இடம் கொடுத்த அந்த அகலமான மணல் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

துறைமுகத்துக்காரர்களுக்கு இது சந்தோஷமா இல்லை. மணல் தெற்குச் சுவரை நிரப்பிட்டு, மூலையைச் சுத்தி வாசலுக்கே வர ஆரம்பிச்சது. 1904-ல் துறைமுக டிரஸ்ட் தலைவரா வந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை மூடி வடகிழக்கே புது வாசல் திறந்தார். அடிப்படையில ரயில்வே எஞ்சினியர் அவர். ஆறு தடம் மாறாம பாலத்துக்கு அடியில ஓட வைக்கறது எப்படின்னு புத்தகமே எழுதினவர். ஆத்தை அடக்கின மனுஷன் மணலோட மல்லுக்கட்டினார். மெட்ராஸ் கரையில மணல் எப்படி நடக்குதுன்னு அளந்து லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்துக்குக் கட்டுரையும் எழுதினார். நமக்கெல்லாம் ஸ்பிரிங்கைத் தெரிஞ்சது வேற காரணத்துக்காக. 1912 மார்ச் 1-ஆம் தேதி மாசம் 30 ரூபாய் சம்பளத்துல ஒரு குமாஸ்தா அந்த ஆபீஸ்ல சேர்ந்தார், பேர் ராமானுஜன். அவரோட கணக்கை வெளியுலகம் பார்க்கணும்னு முயற்சி எடுத்தவர்கள்ல ஸ்பிரிங் ஒருத்தர். ஒரே ஆபீஸ், ஒருத்தர் மணலை எண்ணிக்கிட்டு இருக்கார், இன்னொருத்தர் முடிவிலியை எண்ணிக்கிட்டு இருக்கார்!

இப்போ ராயபுரம்.

மணல் நடக்கற கரையில ஒரு இடம் அப்படியே இருக்குன்னா, அங்கே ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம் இல்லை. போற அளவு வருதுன்னு அர்த்தம். சம்பளமும் செலவும் சரியா இருக்கற வீடு மாதிரி. துறைமுகச் சுவர் வந்ததும் வரவு நின்னு போச்சு. அலை மட்டும் நிக்கலை. அது வழக்கம் போல வந்து, வழக்கம் போல உடைஞ்சு, வழக்கம் போல மணலைக் கிளப்பி வடக்கே அனுப்பிக்கிட்டே இருந்தது. தெற்கே எவ்வளவு சேர்ந்ததோ அதை வடக்கே கரையை அறுத்து ஈடு கட்டிக்கிச்சு. 1876-லேருந்து ஒரு நூறு வருஷத்துல ராயபுரத்துக்கு வடக்கே 500 மீட்டர் வரைக்கும் கரை போச்சுன்னு ஆய்வுக் கட்டுரைகள்ல திரும்பத் திரும்ப ஒரு கணக்கு வரும். மீட்டர்ல சொன்னா உறைக்காது. வலை காயப்போடற இடம், கட்டுமரம் ஏத்தி வைக்கற இடம், அதுக்குப் பின்னாடி குடிசை, அதுக்குப் பின்னாடி தெரு. இந்த வரிசையில ஒவ்வொண்ணாப் போச்சு.

யார் ஊர் அதுன்னு ஞாபகம் இருக்கா? படகுக்காரர்கள் ஊர். துறைமுகம் வந்து முதல்ல அவங்க தொழில் போச்சு, கப்பல் நேரா மதில் பக்கம் வந்து நின்னா மசூலா படகு எதுக்கு? அப்புறம் அவங்க கரையும் போச்சு. இருநூறு வருஷம் அந்த அலையோட ஒவ்வொரு அசைவையும் படிச்சு வச்சிருந்தவங்க அவங்க. 1870-களில் இந்தத் துறைமுகத்தைப் பத்திக் கமிட்டி, ரிப்போர்ட்டுன்னு நடந்த விவாதங்களை எஞ்சினியர்களும் வியாபாரிகளும் அதிகாரிகளும்தான் நடத்தினாங்க.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். காசிமேட்டுலேருந்து எண்ணூர் போற ரோட்டுல போனவங்க பார்த்திருப்பீங்க, கடற்கரைன்னு பேரு, ஆனா மணல் இல்லை, கருங்கல்தான். கரை அறுக்கற இடத்துல கல்லைக் கொட்டினா அந்த இடம் தப்பிக்கும், அறுப்பு அடுத்த குப்பத்துக்குப் போகும். அடுத்த குப்பத்துக்காரங்க ரோட்டை மறிப்பாங்க, அங்கேயும் கல்லு. பிறகு 'தூண்டில் வளைவு' கேட்பாங்க. மீனவர்கள் பேசற மொழியில, கரையிலேருந்து கடலுக்குள்ள தூண்டில் மாதிரி வளைச்சுப் போடற கல் சுவர். பேர் அழகா இருக்கு. வேலை அதேதான், மெட்ராஸ் துறைமுகம் பண்ணினதைச் சின்ன அளவுல பண்றது. தெற்கே கொஞ்சம் மணல் பிடிக்கும், வடக்கே இருக்கறவன் பாடு திண்டாட்டம். அதைக் கேட்கற மீனவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், வீட்டு வாசலுக்கு அலை வந்தவனுக்கு வேற என்ன கேட்கத் தோணும்?

எனக்கு ஆச்சரியம் இதுதான். 1876-ல் தெரியாம நடந்ததுன்னு வச்சுப்போம். ஸ்பிரிங் அளந்து எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கப்புறமும் அதே கரையில அதே தப்பு. 2001-ல் எண்ணூர் துறைமுகம். அதுக்கு வடக்கே, கடலுக்கும் பழவேற்காட்டு உப்பங்கழிக்கும் நடுவுல இருக்கற மெலிசான மணல் திட்டுல காட்டுப்பள்ளி துறைமுகம். அதைப் பல மடங்கு பெரிசாக்கற திட்டத்துக்கு 2021 ஜனவரியில வச்சிருந்த மக்கள் கருத்துக்கேட்பு தள்ளிப் போச்சு. பழவேற்காட்டு மீனவர்கள் அந்தத் திட்டத்தை எதிர்க்கறதுக்கு முதல் காரணமா சொல்றதுல கரை அரிப்பும் ஒண்ணு. ராயபுரம் அவங்களுக்குப் பாடப் புத்தகம் இல்லை, சொந்தக்காரங்க ஊர்.

பாண்டிச்சேரி இன்னும் மோசம். 1980-கள் கடைசியில ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆத்து வாயில துறைமுகச் சுவர் கட்டினாங்க. சேர்ற மணலை அள்ளிக் குழாய் வழியா வடக்கே அனுப்பணும்னு திட்டத்துலயே இருந்தது. சுவர் கட்டினாங்க, மணல் அனுப்பறது ஒழுங்கா நடக்கலை. சில வருஷத்துல பீச் ரோட்டுக்கு முன்னாடி இருந்த பீச் காணாமப் போய், காந்தி சிலைக்குக் கீழ வெறும் பாறாங்கல் குவியல்தான் மிச்சம். அறுப்பு வடக்கே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் போச்சு. பாண்டிச்சேரி சுவருக்கு விழுப்புரம் மாவட்டத்து மீனவர் வீடு பலி.

வழியே இல்லையான்னா, இருக்கு. மந்திரம் ஒண்ணும் இல்லை. அமெரிக்காவுல கலிஃபோர்னியா சாண்டா பார்பரா ஊர்லயும் 1920-கள் கடைசியில சுவர் கட்டி, ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் அரிப்புன்னு இதே கதை. அவங்க 1930-கள்லேருந்தே சேர்ந்த மணலைத் தோண்டி அந்தப் பக்கம் கொண்டு போய்க் கொட்டறாங்க. அவ்வளவு தூரம் ஏன்? விசாகப்பட்டினம் இருக்கே. 1933-ல் திறந்த துறைமுகம். ரெண்டு பழைய கப்பல்களை வேணும்னே மூழ்கடிச்சு அலைத்தடுப்பு பண்ணினாங்க. அந்த மறைவுல சேர்ற மணலைத் தூர்வாரும் கப்பல் வச்சு எடுத்து வடக்கே ஊர்ப் பக்கக் கடற்கரைக்கு அனுப்பினாங்க. ஆரம்பத்துலேயே, மணல் வரும், வருஷா வருஷம் எடுத்துத்தான் ஆகணும்னு ஒத்துக்கிட்டு கட்டின துறைமுகம். மெட்ராஸைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க போல. அங்கேயும் இப்போ அரிப்பு இருக்குதான். ஆனா பிரச்சினையின் பேராவது கணக்குப் புத்தகத்துல எழுதி இருக்கு.

2018-ல் பாண்டிச்சேரியில சென்னை கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க ஒரு வேலை பண்ணினாங்க. தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல, தண்ணிக்கு அடியில, ஆப்பு வடிவத்துல ஒரு பெரிய இரும்புக் கூடு செஞ்சு இறக்கி, உள்ளே கல் நிரப்பினாங்க. அலை கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுமேல ஏறி உடைஞ்சு வலுவிழந்துடும். கூடவே துறைமுக வாயில தோண்டின மணலையும் கொண்டு வந்து கொட்டினாங்க. கொஞ்ச நாள்ல முப்பது வருஷத்துக்கு அப்புறம் பீச் ரோட்டுக்கு முன்னாடி மணல் வந்தது. ஜனங்க இறங்கி நடந்தாங்க. பாண்டிச்சேரிக்காரங்களுக்குக் கண்ல தண்ணி வந்திருக்கும். டூரிஸ்ட் வர்ற ஒரு பக்கத்துக்கு அது கிடைச்சது. அங்கேருந்து வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போனா, அறுந்த கரையும் கொட்டின கருங்கல்லும்தான்.